அட்டிகஸ் நல்லவரா? பொண்ணோட ஸ்கூல் கட்டுரைல மாட்டிக்கிட்டேன், கொஞ்சம் வாங்க

செந்தில்_ஹன்ட்ஸ்வில் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஓரமா உக்காந்து படிச்சிட்டு மட்டும் இருக்கேன், இழை ஆரம்பிக்கிறது இதான் முதல் தடவ. எடம் தப்புன்னா நெறியாளர் மாத்திடுங்க.

பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா, இங்க அலபாமால. 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் பாடம். ஹார்ப்பர் லீ எழுதுனது, 1960ல வந்துச்சு, அடுத்த வருஷமே புலிட்சர் வாங்குச்சு. கதை தெரியாதவங்களுக்காக: 1930கள்ல அலபாமால மேகோம்னு ஒரு சின்ன ஊரு, டாம் ராபின்சன்னு ஒரு கறுப்பின ஆள் மேல ஒரு வெள்ளைக்காரப் பொண்ண கெடுத்துட்டான்னு பொய் கேஸ், அட்டிகஸ் ஃபின்ச்னு வெள்ளைக்கார வக்கீல் அவனுக்காக வாதாடுறாரு, அவன் செஞ்சிருக்க வாய்ப்பே இல்லன்னு நிறுத்தி நிதானமா காட்டுறாரு, ஆனாலும் ஜூரி குற்றவாளின்னு சொல்லிடுது. கதைய சொல்றது அட்டிகஸோட மக ஸ்கவுட், சின்னக் குழந்தை.

டீச்சர் குடுத்த தலைப்பு, அட்டிகஸ் ஹீரோவா இல்லையா. நான் காலேஜ்ல இத படிச்சு அழுதவன். கோர்ட்ட விட்டு அவர் வெளிய போறப்ப மாடில உக்காந்திருக்க கறுப்பு ஜனங்க மொத்தமும் எந்திரிச்சு நிக்கும் பாருங்க, அந்த எடம். அதனால "இதுல என்னம்மா கேள்வி, ஹீரோ தான்"னு சொல்லிட்டு சப்பாத்திக்கு மாவு பிசைய போயிட்டேன். பின்னாடியே வந்து கேக்குறா, "அவர் கேஸ்ல தோத்தாருப்பா சரி, அவருக்கு என்ன போச்சு?"

எனக்கு பதில் வரல.

இதுல இன்னொன்னும் சேந்துக்கிச்சு. ரெண்டு வாரம் முன்னாடி ஸ்காட்ஸ்பரோ போயிருந்தோம், எங்க வீட்டுலருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள தான். அங்க அன்க்ளெய்ம்ட் பேகேஜ்னு ஒரு பெரிய கடை இருக்கு, பிளைட்ல தொலஞ்சு யாரும் கேட்டு வராத பெட்டியெல்லாம் வாங்கி உள்ள இருக்கத விப்பாங்க, ஊர்லருந்து யார் வந்தாலும் நாங்க கூட்டிட்டு போற எடம். மச்சினன் அங்க ஒரு கேமரா வாங்குனான். திரும்பறப்ப பழைய சர்ச் ஒன்னுல 'ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ் மியூசியம்'னு போர்டு. பத்து வருஷமா அந்த ரோட்ல போயிருக்கேன், உள்ள போனதில்ல. அன்னிக்கு பொண்ணு இழுத்துட்டு போயிட்டா. வெளிய வர்றப்ப மச்சினன் கூட கேமரா பேச்ச விட்டுட்டான்.

இதெல்லாம் படிச்சவங்க யாராச்சும் இருந்தா பேசுங்க. அவ வெள்ளிக்கிழமை கட்டுரை குடுக்கணும்.

-----

எதிர்ப்பாட்டு எழுதியது:

அந்தக் காலத்து மனுசன இந்தக் காலத்து தராசுல நிறுத்தாதீங்க பாஸ். 1930ல அலபாமால ஒரு வெள்ளைக்காரன் அவ்ளோ செஞ்சதே பெருசு. ஹீரோ தான். இழைய மூடிடலாம்.

-----

கறுப்புக்கோட்டு எழுதியது:

மூட வேணாம், இப்பதான் வந்தேன்.

செந்தில் சார், உங்க பொண்ணு கேட்டது வக்கீல் கேள்வி, சட்டம் படிக்க வைங்க. நான் மதுரைல 22 வருஷமா கிரிமினல் சைடு பாக்குறவன், இந்த நாவல மூணு தடவ படிச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அட்டிகஸ் மேல எனக்கு மரியாத கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டே வந்திருக்கு.

முதல் விஷயம், இந்தக் கேஸ அவரா தேடி எடுக்கல. ஜட்ஜ் நியமிச்சாரு. இந்த மாதிரி கேஸ் ஒன்னு வராமலே காலத்த ஓட்டிடலாம்னு நெனச்சேன்னு தம்பிகிட்ட அவரே சொல்றாரு. நியமிச்ச வேலைய ஒழுங்கா செஞ்சாரு, அது பெரிய விஷயம் தான், நானும் இலவச சட்ட உதவி கேஸ் பாத்தவன், ஒழுங்கா செய்யாம கட்டு பிரிக்காமலே வந்து நிக்கிறவங்களையும் பாத்திருக்கேன்.

ரெண்டாவது, கேஸ் முடிஞ்ச அந்த வருஷமே சட்டசபைக்கு அவர திரும்ப தேர்ந்தெடுக்குறாங்க. எதிர்த்து நிக்க ஆளே இல்ல. ஒத்த வரில சொல்லிட்டு போற விஷயம், அவசரமா படிச்சா தெரியாது. டாம் செத்துட்டான், ஜெயில் வேலில ஏறுனான்னு பதினேழு குண்டு. வக்கீலு அன்னபோஸ்ட்டா எம்எல்ஏ. "அவருக்கு என்ன போச்சு"ன்னு கேட்டா, அந்த ஊரு அவருக்கு ஓட்டு கூட கொறைக்கல சார்.

மூணாவது தான் எனக்கு தொண்டைல முள்ளு மாதிரி நிக்கிறது. கடைசில அந்தப் பொய் கேஸ் பொண்ணோட அப்பன் பாப் யூவல் அட்டிகஸோட குழந்தைங்கள கொல்ல வர்றான், வீட்ட விட்டு வெளியவே வராத பக்கத்து வீட்டுக்காரன் பூ ராட்லி அவனக் குத்திடுறான், ஷெரிப் "அவன் கத்தி மேல அவனே விழுந்தான்"னு முடிச்சிடலாங்குறாரு, கடைசில அட்டிகஸும் சரிங்குறாரு. பூ கூச்ச சுபாவம், கோர்ட்டுக்கு இழுத்தா பாவம், அது எனக்கும் புரியுது. ஆனா சட்டத்த சட்டமா பாக்கணும், கோர்ட்டு எல்லாருக்கும் ஒன்னுன்னு டாம் கேஸ்ல பேசுன அதே வாயி. சட்டத்துக்கு வெளிய ஒருத்தன காப்பாத்த அந்த ஊருக்கு தெரியும். தெரிஞ்சு தான் இருந்திருக்கு.

-----

இரண்டாம்_பக்கம் எழுதியது:

வக்கீல் சார் சொன்னதுல மூணாவது ரொம்ப சரி. ஆனா யாரும் மயெல்லாவ பத்தி பேசவே மாட்டேங்கிறீங்களே. பொய் சொன்ன பொண்ணு, அவ்ளோ தானா?

19 வயசு. அம்மா இல்ல. குப்பைமேடு பக்கத்துல வீடு, அப்பன் குடிகாரன், அவன் அவள என்ன பண்றான்னு நாவல் நேரடியா சொல்லாம ஆனா தெளிவா சொல்லுது. அந்த முற்றத்துல உடைஞ்ச சட்டில ஜெரேனியம் செடி வச்சு வளக்குறா. தம்பி தங்கச்சிங்கள ஐஸ்கிரீம் வாங்க டவுனுக்கு அனுப்ப ஒரு வருஷமா காசு சேக்குறா, ஏழு நிக்கல். ஏன்னா அந்த ஒரு மணி நேரம் வீட்டுல யாரும் இல்லாம டாம் கிட்ட பேசணும்.

அட்டிகஸ் அவள கூண்டுல வச்சு "மேடம்"ங்குறாரு. அவ கேலி பண்றாருன்னு அழறா. அவளுக்கு யாரும் அப்பிடி மரியாதை குடுத்ததே இல்ல, அதனால மரியாதை குடுத்தா அவமானம் மாதிரி இருக்கு. நான் இந்தப் புத்தகத்துல ரொம்ப நேரம் நின்ன எடம் இது தான். அவ பொய் டாமோட உயிர குடிச்சிடுச்சு, அத மன்னிக்க சொல்லல. அந்த ஊர்ல அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே சொத்து அவ வெள்ளைத்தோலு, அத வச்சு தான் பொழச்சா.

-----

எதிர்ப்பாட்டு எழுதியது:

மேற்கோள்: "அட்டிகஸ் மேல எனக்கு மரியாத கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டே வந்திருக்கு"

வக்கீல் சார் நீங்க சொல்றதெல்லாம் 2020கள்ல ஏசி ரூம்ல உக்காந்து சொல்றது. அந்த ஊர்ல, அந்த வருஷத்துல, வேற யாரு என்ன செஞ்சிருக்க முடியும்? ஒரு ஆள காட்டுங்க, ஒத்துக்கிறேன்.

-----

கறுப்புக்கோட்டு எழுதியது:

காட்டுறேன். ஜேம்ஸ் எட்வின் ஹோர்ட்டன். அதே அலபாமா, அதே 1933. கற்பனை இல்ல, ஜட்ஜு.

செந்தில் சார் மியூசியத்துல பாத்த கேஸ் தான் இது, அவர் இன்னும் விவரம் சொல்லல, நான் ஆரம்பிச்சிடறேன். 1931 மார்ச் 25. சட்டனூகாலருந்து மெம்பிஸ் போற கூட்ஸ் ரயிலு. பஞ்ச காலம், வேலை தேடி கறுப்பனும் வெள்ளையனும் கூட்ஸ்ல தொத்திக்கிட்டு போற நேரம். வண்டில அடிதடி, எறக்கி விடப்பட்ட வெள்ளைக்காரப் பசங்க போய் புகார் குடுக்குறாங்க, பெயின்ட் ராக்குங்கிற எடத்துல வண்டிய நிறுத்தி ஒம்பது கறுப்பினப் பசங்கள பிடிக்கிறாங்க. சின்னவனுக்கு 12, 13 வயசு. அதே வண்டில இருந்த ரெண்டு வெள்ளைக்காரப் பொண்ணுங்க, இவங்க எங்கள கெடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. ரெண்டே வாரத்துல விசாரணை முடிஞ்சு எட்டு பேருக்கு தூக்கு, அதாவது மின்சார நாற்காலி. சின்னவனுக்கு மட்டும் ஜூரி ஒத்துப்போகல, ஏன்னா அவனுக்கும் மரணம் வேணும்னு அடம் பிடிச்சவங்க இருந்தாங்க.

1932ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இத தூக்கி எறிஞ்சது, உருப்படியா வக்கீல் வச்சு குடுக்கலைன்னு. மறு விசாரணை 1933ல டிகேட்டர்ல. அங்க தான் ஹோர்ட்டன் வர்றாரு. நியூயார்க்லருந்து சாமுவேல் லீபோவிட்ஸ் வந்து பசங்களுக்காக வாதாடுறாரு. ரூபி பேட்ஸ், ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி, பசங்க தரப்பு சாட்சியா வந்து எல்லாமே பொய்னு சொல்றா. அரசுத்தரப்புல ஒரு வக்கீல் ஜூரிய பாத்து, நியூயார்க் யூதப்பணத்துக்கு அலபாமா நீதி விலை போகாதுன்னு காட்டுங்கன்னு பேசுறாரு. ஜூரி முதல் ஆளு ஹேவுட் பேட்டர்சனுக்கு மறுபடி மரணம்னு சொல்லுது.

ஜூன் மாசம் ஹோர்ட்டன் அந்த தீர்ப்ப ரத்து பண்றாரு. ஜூரி சொன்னதுக்கு சாட்சியம் ஒத்துவரல, அந்தப் பொண்ணு சொல்றது நம்பற மாதிரி இல்ல, மறு விசாரணைன்னு உக்காந்து வாசிக்கிறாரு. இப்பிடி செஞ்சா அடுத்த தேர்தல்ல காலின்னு முன்னாடியே சொல்லி அனுப்பிருக்காங்க. அதுக்கும் இந்தக் கேஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாராம். முந்துன தேர்தல்ல அவர எதிர்த்து ஆளே நிக்கல. 1934ல தோத்தாரு. அதுக்கப்புறம் ஜட்ஜ் நாற்காலில அவர் உக்காரவே இல்ல, நெலத்த பாத்துக்கிட்டு இருந்துட்டாரு.

நாவல்ல அன்னபோஸ்ட்டா ஜெயிக்கிறவரு. நெசத்துல அன்னபோஸ்ட்டா இருந்து தோத்தவரு. எதிர்ப்பாட்டு தம்பி, போதுமா?

-----

எதிர்ப்பாட்டு எழுதியது:

போதும் சார். ஒத்துக்கிட்டேன். ஆனா நாவலுக்கும் நெசத்துக்கும் கயிறு கட்டி இழுக்குறது நியாயமான்னு தெரியல. லீ ஸ்காட்ஸ்பரோவ எழுதல, ஒரு குழந்தை அப்பாவ பாக்குறத எழுதுனாங்க. எட்டு வயசுப் பொண்ணுக்கு அப்பா ஹீரோவா தெரியாம?

-----

செந்தில்_ஹன்ட்ஸ்வில் எழுதியது:

வக்கீல் சார் நன்றி, நான் இவ்ளோ கோர்வையா சொல்லிருக்க மாட்டேன். ஏதென்ஸ் ஊர்ல, எங்களுக்கு பக்கம் தான், கோர்ட் வாசல்ல ஹோர்ட்டனுக்கு இப்ப சிலை இருக்கு. அது பெருமையா இருக்கேன்னு பொண்ணுகிட்ட சொன்னேன். அதுக்கு அவ "அந்த ஒம்பது பேரு என்னப்பா ஆனாங்க"ன்னா. இவகிட்ட ஒன்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்க முடியல.

சொல்றேன். ஹோர்ட்டன் ரத்து பண்ணதும் யாரையும் வீட்டுக்கு விடல. வேற ஜட்ஜ்கிட்ட கேஸ் போச்சு, அதே வருஷக் கடைசில பேட்டர்சனுக்கு மறுபடியும் மரணம். 1936ல இன்னொரு தடவ விசாரணை, அதுல 75 வருஷம். 1937ல நாலு பேர் மேல இருந்த வழக்க கைவிட்டாங்க, அதாவது ஒன்னுமே செய்யாம ஆறு வருஷம் உள்ள இருந்ததுக்கப்புறம். பேட்டர்சனத் தவிர மத்தவங்க 40கள்ல ஒவ்வொருத்தரா பரோல்ல. கிளாரன்ஸ் நாரிஸுக்கு 1976ல மன்னிப்பு குடுத்தது யாரு தெரியுமா, ஜார்ஜ் வாலஸ். இனப்பிரிவினை என்றென்றைக்கும்னு பதவி ஏற்கும்போதே முழங்குன அதே கவர்னர். இன்னும் மூணு பேருக்கு மன்னிப்பு வந்தது 2013ல, எல்லாரும் செத்து ரொம்ப காலம் கழிச்சு.

மன்னிப்புங்கிற வார்த்தையே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. யாரு யார மன்னிக்கிறது?

-----

ஸ்கார்பரோ_ராசன் எழுதியது:

நான் கொஞ்சம் பிந்தி வாறன், குறை நினைக்காதேங்கோ.

இந்தப் புத்தகத்தை நான் இஞ்ச கனடாவுக்கு வந்த ரெண்டாம் வருசம் பத்தாம் வகுப்பில படிச்சனான். அப்ப எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ரீச்சர் ஒவ்வொருத்தரா எழுப்பி உரத்து வாசிக்க விடுவா. அதில கறுப்பு ஆக்களை இழிவாச் சொல்லுற அந்த 'N' எழுத்துச் சொல்லு எத்தினை தரம் வருது எண்டு உங்களுக்குத் தெரியும். எங்கட வகுப்பில ஒரேயொரு கறுப்புப் பெடியன் இருந்தவன், எனக்குப் பக்கத்து மேசை. அந்தச் சொல்லு வாற நேரமெல்லாம் வகுப்பு முழுக்க மெதுவாத் திரும்பி அவனைப் பாக்கும். அவன் சன்னலுக்கால வெளிய பாத்துக்கொண்டு இருப்பான். எனக்கு இண்டைக்கும் அட்டிகஸின்ர பேச்சு ஒண்டும் நினைவில்லை, அந்தப் பெடியன்ர கழுத்து தான் நினைவிருக்கு.

ஒரு நாள் அவன் என்னட்டச் சொன்னான், இந்தப் புத்தகத்தில டாம் என்னத்தைக் கதைக்கிறான் சொல்லு பாப்பம் எண்டு. நான் தேடிப் பாத்தன். கோர்ட்டில கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவு தான். அவனுக்காக எல்லாரும் கதைக்கினம், அவன் கதைக்கேல்லை.

2018ல இஞ்ச பீல் பள்ளிக்கூட வாரியம், இந்தப் புத்தகத்தைப் படிப்பிக்கிறதெண்டா இனவெறிக்கு எதிரான கண்ணோட்டத்தோட படிப்பியுங்கோ, இல்லாட்டி விடுங்கோ எண்டு சொன்ன நேரம் பெரிய சண்டை. அதுக்கு முதல் வருசம் அமெரிக்காவில மிசிசிப்பி பைலொக்சியிலயும் எட்டாம் வகுப்புப் பாடத்தில இருந்து எடுத்தவை. தடை செய்யிறது பிழை எண்டு தான் நானும் நினைக்கிறன். ஆனா தடை எண்டு கத்தின ஆக்களில ஒருத்தரும் அந்தப் பெடியனுக்குப் பக்கத்து மேசையில இருந்தவை இல்லை.

-----

இரண்டாம்_பக்கம் எழுதியது:

ராசன் அண்ணா, கழுத்து தான் நினைவிருக்குன்னு சொன்னீங்க பாருங்க... கொஞ்ச நேரம் போனை கீழ வச்சிட்டேன்.

டாம் பேசலைங்கிறதுக்கு ஒரு சேதி. ஹேவுட் பேட்டர்சன் பேசிருக்காரு. பிடிபட்டப்ப எழுதப் படிக்க தெரியாது, ஜெயில்ல பைபிளும் அகராதியும் வச்சு தானா கத்துக்கிட்டாரு. 1948ல ஜெயில்லருந்து தப்பிச்சு வடக்க போயிட்டாரு, 1950ல தன் கதைய புத்தகமா கொண்டு வந்தாரு, கூட ஒரு எழுத்தாளர் உதவியோட. எஃப்பிஐ பிடிச்சப்ப மிச்சிகன் கவர்னர் அலபாமாவுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாரு. ஆனா அப்புறம் ஒரு பார் சண்டைல ஒருத்தன் சாக, அந்தக் கேஸ்ல உள்ள போயி 1952ல ஜெயில்லயே இறந்துட்டாரு. அந்தப் புத்தகத்துல அவர் நல்லவனா நடிக்கல. ஜெயில்ல எப்பிடி உயிரோட இருந்தேன், அதுக்கு என்னெல்லாம் செஞ்சேன்னு அசிங்கத்தோட சொல்லிருக்காரு.

மாக்கிங்பேர்டுக்கு பத்து வருஷம் முன்னாடி வந்தது அது. எந்தப் பள்ளிக்கூடத்துல பாடமா வச்சிருக்காங்க? டாம் மாதிரி சாதுவா, ஒரு கை ஊனமா, பொண்ணுக்கு எரக்கப்பட்டவனா இருந்தா தான் நமக்கு அழுகை வருது. பேட்டர்சன் முரடன். முரடன் மேல போட்ட பொய் கேஸும் பொய் கேஸ் தானே.

-----

ரயிலடி_ரவி எழுதியது:

நம்ம ஊர் கேஸெல்லாம் இதுக்கு மேல இருக்கு, அத பேச ஆள் இல்ல, அலபாமாவுக்கு அழ வந்துட்டாங்க.

-----

நெறியாளர் எழுதியது:

ரவி, நம்ம ஊருக்கு இதே பகுதில 40 பக்கத்துக்கு இழை ஓடுது, அங்க வாங்க, நானும் எழுதிட்டு இருக்கேன். இங்க அலபாமா.

-----

கறுப்புக்கோட்டு எழுதியது:

ராத்திரி கட்டு படிக்க உக்காந்தேன், இழை இழுக்குது.

ஹோர்ட்டன ரொம்ப தூக்கிட்டேனோன்னு உறுத்துச்சு, அதனால மறுபக்கத்தையும் வச்சிடறேன். அந்த விசாரணைல பொண்ணுங்கள அன்னிக்கே பரிசோதிச்ச டாக்டர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் சாட்சி சொன்னாரு. இன்னொருத்தர் சின்ன வயசு, அவர சாட்சிக்கு கூப்பிட வேணாம்னு அரசுத்தரப்பு சொல்லுது. அந்த டாக்டர் ஜட்ஜ தனியா சந்திச்சு, அந்தப் பொண்ணுங்க பொய் சொல்றாங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், ஆனா கூண்டுல ஏறி சொன்னா நான் அந்த ஊர்ல தொழில் பண்ண முடியாதுன்னு சொன்னதா ஹோர்ட்டன் பல வருஷம் கழிச்சு வரலாறு எழுத வந்தவர்கிட்ட சொல்லிருக்காரு. டாக்டர் அப்பிடி சொல்லவே இல்லன்னு மறுத்துட்டாரு. ஹோர்ட்டன் சொன்னது நெசம்னு வச்சுக்கிட்டா, அவரு டாக்டர கட்டாயப்படுத்தல. உண்மை தெரிஞ்சுக்கிட்டே கேஸ ஜூரிகிட்ட விட்டாரு, ஜூரி சரியா சொல்லிடும்னு நம்பிருப்பாரோ என்னவோ. பேட்டர்சன் தனக்கு மரணம்னு ரெண்டாவது தடவையும் கேட்டான். ரெண்டு மாசம் கழிச்சு தான் ரத்து.

ஏன் டாக்டர விட்டாருன்னு யோசிச்சு பாத்தேன். சின்னப்பையன், வாழ்க்கை போயிடும்னு எரக்கம். பூ ராட்லிக்கு காட்டுன அதே எரக்கம். நல்ல மனுசங்க ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிற கரிசனம் இருக்கே, அதுக்கான பில்லு எப்பவும் கூண்டுல நிக்கிறவன்கிட்ட தான் வருது. கோர்ட்ல இத நான் தெனம் பாக்குறேன், நானும் செஞ்சிருக்கேன். ஒரு சாட்சி, வயசானவரு, அழுதாருன்னு குறுக்கு விசாரணைய பாதில விட்டேன் ஒரு தடவ. என் கட்சிக்காரன் ஏழு வருஷம் போனான். எரக்கப்பட்டது தப்பான்னு இன்னிக்கும் எனக்கு தெரியல.

இன்னொன்னு, நம்ம ஜனத்துக்கு டக்குனு புரியற விஷயம். 1963ல அலபாமா கேட்ஸ்டன்ல மேரி ஹாமில்டன்னு ஒரு கறுப்பினப் போராளி கோர்ட்ல நிக்கிறாங்க. அரசு வக்கீல் "மேரி"ன்னு கூப்பிட்டு கேள்வி கேக்குறாரு. "மிஸ் ஹாமில்டன்னு கூப்பிட்டா பதில் சொல்றேன்"ங்குறாங்க. வெள்ளைக்காரப் பொண்ணா இருந்தா மிஸ், மிஸஸ், இவங்கன்னா வெறும் பேரு, அதான் அந்த ஊரு வழக்கம். வா போன்னு கூப்பிடறதும் வாங்க போங்கன்னு கூப்பிடறதும் என்னன்னு நமக்கு யாரும் வெளக்க வேண்டியதில்ல. அஞ்சு நாள் ஜெயில், 50 டாலர் அபராதம், கோர்ட் அவமதிப்பு. 1964ல சுப்ரீம் கோர்ட் அத அடிச்சுது. மேடம்னு சொன்னா அழற மயெல்லாவையும் இவங்களையும் பக்கத்துல வச்சு பாருங்க.

-----

எதிர்ப்பாட்டு எழுதியது:

சரி எனக்கு ஒரு சந்தேகம், நெசமாவே கேக்குறேன் வம்புக்கு இல்ல. இந்த நாவல் அமெரிக்கால பல கோடி பேரு படிச்சிட்டாங்க, எத்தனையோ பேரு இத படிச்சு தான் வக்கீலானேன்னு சொல்றாங்க. அப்ப இலக்கியம் ஒன்னுமே மாத்தலையா?

-----

இரண்டாம்_பக்கம் எழுதியது:

மன்ரோவில்னு ஒரு ஊரு இருக்கு, ஹார்ப்பர் லீ பொறந்த ஊரு, மேகோம்ங்கிறது அதான். பழைய கோர்ட்டு இப்ப மியூசியம். 1990 வாக்குலருந்து வருஷா வருஷம் ஊர்க்காரங்களே நாவல நாடகமா போடறாங்க, பாக்க வந்தவங்கள்லருந்தே ஜூரிய எடுத்து உக்கார வைப்பாங்களாம், எங்கெங்கருந்தோ ஜனம் வருது.

அதே ஊர்ல 1986ல ஒரு கடைல வேலை பாத்த வெள்ளைக்காரப் பொண்ண யாரோ கொன்னுட்டாங்க. பல மாசம் ஆளு சிக்கல. கடைசில வால்டர் மக்மிலியன்னு கறுப்பினத்தவர பிடிக்கிறாங்க, மரத்தொழில் பண்றவரு. அவருக்கு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணோட தொடர்பு இருந்தது ஊருக்கே தெரியும், அதான் கண்ண உறுத்துச்சு. கொலை நடந்த நேரத்துல அவர் வீட்டுல சர்ச்சுக்காக மீன் பொரிச்சு வித்துட்டு இருந்தாங்க, அவர பாத்தவங்க அத்தனை பேரு. கூண்டுல ஏறி அத சொன்ன கறுப்பினத்தவங்க சாட்சி எடுபடல. விசாரணைக்கு முன்னாடியே, தப்பா படிக்கல நீங்க, முன்னாடியே மரண தண்டனைக் கைதிங்க பிளாக்குல வச்சிட்டாங்க. கேஸ வெள்ளைக்காரங்க ஜாஸ்தியா இருக்க வேற மாவட்டத்துக்கு மாத்துனாங்க. 1988ல விசாரணை, ஒன்றரை நாள். ஜூரி ஆயுள் போதும்னு சொல்லுச்சு. ஜட்ஜ் ராபர்ட் ஈ. லீ கீ அத மாத்தி மரணம்னு எழுதுனாரு. உள்நாட்டுப் போர்ல அடிமைமுறை மாநிலங்களோட தளபதி பேரு அவருக்கு, அது வேற.

பிரையன் ஸ்டீவன்சன்னு வக்கீல் வந்து தோண்டுனாரு. முக்கிய சாட்சி, போலீஸ் சொல்ல வச்சாங்க, பொய்னு ஒத்துக்கிட்டான். 1993ல விடுதலை. ஆறு வருஷம்.

கணக்கு போட்டு பாருங்க. அந்த நாடகம் முதல் தடவ மேடையேறுனப்ப அவரு உள்ள மரண பிளாக்குல இருந்தாரு. டாமுக்காக கைக்குட்டை நனைச்ச ஊரு. எதிர்ப்பாட்டு, நாவல் மாத்துச்சா மாத்தலையான்னு எனக்கு சொல்ல தெரியல. ஸ்டீவன்சன் மாதிரி ஆளுங்களுக்கு இந்த நாவல் தேவைப்படலன்னு மட்டும் தோணுது, அந்த ஊருக்கு தேவைப்பட்டுச்சு, நாம நல்லவங்கன்னு சொல்லிக்க. ஜட்ஜு ஜூரிய மீறி மரணம் எழுதலாம்ங்கிற சட்டத்த அலபாமா 2017ல தான் எடுத்துச்சு.

-----

ஸ்கார்பரோ_ராசன் எழுதியது:

லீயின்ர தகப்பனும் வக்கீல் தானே. 1919ல ரெண்டு கறுப்பு ஆக்களுக்காக வாதாடித் தோத்து, ரெண்டு பேரையும் தூக்கில போட்டிட்டாங்கள். அதுக்குப் பிறகு அந்த மனிசன் குற்ற வழக்கே எடுக்கேல்லையாம். 2015ல வந்த லீயின்ர மற்ற நாவலில ('கோ செட் எ வாட்ச்மேன்'), உண்மையில அது தான் முதல் எழுதினது, அட்டிகஸ் இனப்பிரிவினை வேணுமெண்ட வெள்ளையரின்ர சபைக் கூட்டத்தில போய் இருக்கிறார், மகள் மேல இருந்து பாத்திட்டு சத்தி எடுக்கிற அளவுக்கு வாறாள். கன பேர் அதை வாசிச்சு, எங்கட அட்டிகஸைக் கெடுத்துப் போட்டாங்கள் எண்டு அழுதவை. எனக்கு அதில தான் லீயில மதிப்பு வந்தது. தகப்பனை அவவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

-----

எதிர்ப்பாட்டு எழுதியது:

இழைய மூடலாம்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். செந்தில், பொண்ணு என்ன தான் எழுதுனா?

-----

செந்தில்_ஹன்ட்ஸ்வில் எழுதியது:

மன்னிக்கணும், ஆபீஸ்ல டெட்லைன், இப்பதான் வர்றேன். எல்லாத்தையும் அவளுக்கு படிச்சு காட்டுனேன் (தமிழ் பேசுவா, வாசிக்க கஷ்டம்). ராசன் அண்ணா எழுதுனத ரெண்டு தடவ படிக்க சொன்னா.

கட்டுரை குடுத்துட்டா. அட்டிகஸ் பத்தி ஒரு பத்தி தான் இருக்கு. மிச்சமெல்லாம் ஜீபோவ பத்தி. எனக்கு ஜீபோ யாருன்னே நினைவில்ல, காலேஜ்ல அழுததோட சரி. அட்டிகஸ் வீட்டுல சமைக்கிற கல்பூர்னியாவோட மூத்த பையன். ஊரு குப்பை வண்டி ஓட்டுறவன், அட்டிகஸ் சுட்ட வெறிநாய அள்ளிட்டு போறவன். ஞாயித்துக்கெழம அவங்க சர்ச்ல பாட்டு புத்தகம் கெடையாது, இருந்தாலும் படிக்க தெரிஞ்சவங்க நாலு பேரு தான், அதுல ஜீபோ ஒருத்தன், அவன் ஒரு வரி வாசிப்பான், ஜனம் திருப்பி பாடும். அவனுக்கு அவங்கம்மா படிக்க கத்துக்குடுத்தது ரெண்டு புத்தகத்த வச்சு. ஒன்னு பைபிளு. இன்னொன்னு ப்ளாக்ஸ்டன் எழுதுன சட்ட விளக்கம்.

சட்டப் புத்தகத்துல எழுத்து கூட்டி படிச்சவன் பேரு ஏன் ஜூரி பட்டியல்ல இல்ல, அத யாரும் ஏன் கேக்கல, அட்டிகஸ் கூட ஏன் கேக்கலன்னு தான் எழுதிருக்கா. மியூசியத்துல பாத்ததையும் சேத்திருக்கா, 1935ல சுப்ரீம் கோர்ட்டுல லீபோவிட்ஸ் ஜூரி பதிவேட்ட கொண்டு போய் வச்சது, கறுப்பினத்தவர் பேரு சிலத பின்னாடி நைசா சொருகிருக்காங்கன்னு நீதிபதிங்க பூதக்கண்ணாடி வச்சு பாத்தது. மார்க் இன்னும் வரல.

-----

கறுப்புக்கோட்டு எழுதியது:

செந்தில் சார், சட்டம் படிக்க வைங்கன்னு முதல்லயே சொன்னேன்.

ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்க அவகிட்ட. அட்டிகஸ் ஜூரி பத்தி பேசுற எடம் ஒன்னு இருக்கு, தீர்ப்புக்கு அப்புறம் பையன்கிட்ட. பெண்கள் அலபாமால ஜூரில உக்கார முடியாதுன்னு கூட சொல்றாரு, நெசத்துலயும் 1966 வரைக்கும் அப்பிடித்தான். அதுல கறுப்பினத்தவர் ஏன் இல்லன்னு அவர் என்ன சொல்றாருன்னு எடுத்து பாக்க சொல்லுங்க. எம் பிரதி ஜூனியர்கிட்ட போயிருக்கு, அவன் திருப்பி தரமாட்டேங்கிறான்.

-----

செந்தில்_ஹன்ட்ஸ்வில் எழுதியது:

தூங்கிட்டா சார். காலைல பஸ்ஸுக்கு முன்னாடி கேட்டு போடறேன்.